பியூஸ் போகாத வீடுகள்

சாய்ந்தமருது
14.01.2024

அன்பின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும், முன்வீட்டில் ராத்தா, மச்சான், பிள்ளை எல்லோரும் சுகம். அந்தப் பாலைவனத்தில் உங்களுக்கு ஒரு தலையிடி கூட வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம்.

போனில் நான் வாய் திறப்பதில்லை என்று ராத்தாவிடம் குறைப்பட்டீர்களாம். என் முறை வருவதற்குள் ராத்தா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார், வாப்பா. பிறகு போனை என் கையில் தந்துவிட்டு எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "ஓம் வாப்பா, சுகம் வாப்பா" என்பதற்கு மேல் எனக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் உம்மாவின் தையலுக்கு ஆள் இல்லாதது, மற்றப் பாதி இதுதான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்துகொள்வேன். எழுதுவதென்றால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் நீங்கள் சொன்னபடி கடிதம் எழுதுகிறேன். தபால் கந்தோருக்கு உம்மாவோடு போய் நானே போடுகிறேன்.

இங்கே ஒரு கிழமையாக மழை. பின்வளவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று நேற்றுத்தான் வடிந்தது. நம் வீட்டுக்குள் வரவில்லை. கோழி இரண்டு போய்விட்டன.

கார்கோ பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்டீம் அயனை உம்மா மூன்று நாள் பெட்டிக்குள்ளேயே வைத்துத் திறந்து திறந்து பார்த்தார். ராத்தாவுக்குக் கொஞ்சம் முகம் கறுத்தது. "எனக்குத் துணி, உங்களுக்கு மட்டும் அயனா?" என்றார். உம்மா விடவில்லை. "உனக்கு ஒரு ஊட்டையே தந்திட்டு அந்த மனுசன் பின்வளவில தகரத்துக்குக் கீழ படுத்தாரு. இப்ப அயனுக்கும் கண் வைக்கிறியா?" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

முன்வீட்டை ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்து, நாம் பின்னால் வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. உம்மா இன்னும் பழக்கதோசத்தில் முன்வீட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறார்.

அயனைப் போட்டால் பல்பு மங்குகிறது. தையல் மெசினும் சேர்ந்து ஓடினால் பிரிஜ் முனகுகிறது. ஆனாலும் பியூஸ் போகவில்லை. முன்பு கிழமைக்கு ஒரு தடவை போகும். நீங்கள் பயணம் போவதற்கு முந்தின நாள் செய்து தந்த பிறகு ஒரு நாளும் போனதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது இருட்டில் பியூஸ் பெட்டியைத் தட்டினால் உம்மா சத்தமாகவே சொல்வார், "எங்கட பியூஸ் போகாது, அது வயரிங் பாஸ் சுபியான்ட கை" என்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்கு வர முடியுமா?

உங்கள் செல்ல மகள்
ஹுஸ்னியா


மேற்குப் பாலைவனக் கேம்ப், அபுதாபி
04.02.2024

அன்பு மகள் ஹுஸ்னியாவுக்கு, வாப்பாவின் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வியர்வையில் மை கரைந்துவிட்டது, அதனால் அடுத்த கடிதத்தைக் கறுப்புப் பேனையால் எழுது.

என் வேலை என்ன என்று உம்மா ஊரில் எல்லோரிடமும் "கண்ணாடி கழுவுகிறார்" என்று சொல்கிறாராம். அது பெரிய ஹோட்டல் கண்ணாடி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இங்கே இருப்பது வெயிலில் கரண்ட் எடுக்கும் இடம், மகள். ஒவ்வொரு கண்ணாடியும் நம் மதிலைவிட உயரம், வாழைமடல் போல உள்பக்கம் வளைந்தது. கண் எட்டும் தூரத்துக்கு வரிசை. காலையில் எல்லாம் கிழக்கே பார்த்து நிற்கும். சூரியன் நகர நகர அவையும் கூடவே திரும்பும். நடுவில் ஒரு குழாய் ஓடுகிறது, அதற்குள் எண்ணெய். வெயில் முழுவதும் கண்ணாடியில் பட்டு அந்தக் குழாயில் போய் விழுகிறது. எண்ணெய் கொதிக்கிற கொதியில் தண்ணீர் ஆவியாகி, ஆவி சக்கரத்தைச் சுழற்றி, கரண்ட் வருகிறது. ஒரு சொட்டு டீசல் எரியாது. கொஞ்சச் சூட்டை உருக்கிய உப்புத் தாங்கியில் மிச்சம் பிடித்து வைக்கிறார்கள். மக்ரிபுக்குப் பிறகும் சில மணி நேரம் கரண்ட் ஓடுவது அதனால்தான். பொழுது இறங்கி, கண்ணாடிகள் முகம் கவிழ்ந்த பிறகுதான் நாங்கள் கழுவப் போவோம். பகலில் கிட்டப் போக முடியாது.

ஊரில் இருபது வருடம் வயர் இழுத்தேன். கரண்ட் பிறக்கும் இடத்தை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

பல்பு மங்குவதைப் பற்றி எழுதியிருந்தாய். முன்வீட்டில் இருந்து இழுத்த லைன் தூரம், அதனால்தான். அதற்குப் பயப்படாதே. சும்மா பியூஸ் கம்பி போட்டால் தொட்டதற்கெல்லாம் எரியும். நான் வயரில் இருந்து செப்பு இழைகளை எடுத்து முறுக்கிப் போட்டிருக்கிறேன். நீதானே டோர்ச் பிடித்தாய், மறந்துவிட்டாயா? ஆண் இல்லாத வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இருட்டில் அந்தப் பெட்டிக்குள் கை வைக்கக்கூடாது என்று செய்த வேலை அது. உம்மாவிடம் சொல், தையலோ அயனோ விரும்பியபடி போடட்டும். அது தாங்கும்.

பெருநாளைக்கு வரமுடியாது. இன்னும் இரண்டு வருடம் நின்றால் உனக்கென்று ஒரு கல்வீடு எழும்பும். உன் ராத்தா மர்ஷூதாவுக்குக் கொடுத்ததைவிட ஓர் அறை கூட. ஒவ்வோர் அறைக்கும் தனி லைன் இழுத்து, வயர் ஒன்றும் வெளியே தெரியாமல் சுவருக்குள் வைத்துத் தருவேன். சபூராகப் பொறுத்திரு.

உன் வாப்பா
சுபியான்


சாய்ந்தமருது
20.04.2024

வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கிக் கிழித்தேன். ராத்தாவும் மச்சானும் போனில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் என்னைக் கேட்டபோது என்னால் கதைக்க முடியவில்லை. நான் அழுததைத்தான் கேட்டிருப்பீர்கள்.

அன்று பத்தொன்பதாம் நோன்பு. பெருநாள் அபாயாக்களுக்கு ஓடர் நிறைய. காலையில் இருந்து உம்மா தைக்கத் தைக்க நான் அயன் பண்ணினேன். மதியம் லுஹர் தொழுததும் உம்மா, "கண்ணு சுத்துது புள்ள, கொஞ்சம் சாயிறன்" என்று உள்ளறையில் பாயைப் போட்டார். தைத்து முடித்த அபாயாக்கள் அவரைச் சுற்றி அடுக்கியிருந்தன. பிரிஜும் காற்றாடியும் ஓடின. அந்த நேரம் ராத்தா தொழுவதற்காகப் பிள்ளையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் முன்வீட்டுக்குப் போனேன். அரைமணி நேரம் இருக்காது.

புகையை முதலில் கண்டவர் மச்சான்தான். ஓடிப்போய் மெயினை இறக்கினார். நாங்கள் போகும்போது கதவுக்கு மேலே சீலிங் பலகை எரிந்து விழுந்திருந்தது. பின்பக்கத் தகரத்தைக் கழற்றித்தான் உம்மாவை எடுத்தார்கள். கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "நோன்பு முறிஞ்சிட்டா?" என்று கேட்டார். "இல்ல உம்மா" என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னமே முடிந்துவிட்டது. மறுநாள் அடக்கினார்கள். ஜனாஸாவுக்கு வந்த சனத்தால் பள்ளி முற்றம் கொள்ளவில்லை.

அயனால்தான் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சுவிச்சை இறக்காமல் போயிருப்பேன் என்று. நோன்பு நாளில் பகலில் அடுப்பு எரியவில்லை, வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அப்படித்தான் இருக்கும் வாப்பா. எனக்குச் சரியாக நினைவில்லை.

லைன் பார்க்கக் காரைதீவில் இருந்து வயரிங் செய்யும் குணம் அண்ணன் வந்தார். அவரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நான் இப்போது ராத்தாவின் வீட்டுக் கூடத்தில் படுக்கிறேன்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மகள்
ஹுஸ்னியா


அபுதாபி
12.05.2024

மகள் ஹுஸ்னியாவுக்கு,

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அல்லாஹ் எழுதியதை யாரால் மாற்ற முடியும்? நீ சின்னப் பிள்ளை. உனக்கும் நோன்புக் களைப்பு. நான் மன்னித்துவிட்டேன், மறுமையிலும் கேட்கமாட்டேன். இதைக் கையால் எழுதித் தருவது உன் மனம் ஆறவேண்டும் என்பதற்காக.

ஆனாலும் மகள், ஒரு சுவிச்சை இறக்க ஒரு விரல் போதும். ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன், அயன் வேலை முடிந்தால் முதலில் பிளக்கைக் கழற்று, பிறகு துணியை மடி என்று. என் வீட்டில் சொல்ல மறந்தேனா? இதை எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

அந்த அயனை நானே வாங்கி அனுப்பினேன். கடையில் இரண்டு தினுசு இருந்தது. பெரியதை எடுத்தேன்.

லீவு தந்தார்கள். டிக்கட் கூடக் கையில் வந்தது. நான்தான் வரவில்லை. வந்து யாரைப் பார்க்க? உம்மா இல்லாத வளவுக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. கண்ணாடிகளுக்குள் நடந்து திரிந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அது சுகமாக இருக்கிறது.

ராத்தாவுக்கு உதவியாக இரு. தொழுகையை விடாதே.

வாப்பா


சாய்ந்தமருது
18.06.2024

அன்பின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னித்ததற்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நேற்று முடிந்தது. மச்சான் உங்கள் பெயரில் கூட்டுக் குர்பானில் சேர்ந்தார். பங்கு இறைச்சியை உம்மா வழக்கமாகக் கொடுக்கும் வீடுகளுக்கு நான் கொண்டுபோனேன். வாசலில் வாங்கிக்கொண்டு, "இதுதானா அந்தப் புள்ள?" என்று உள்ளே ஒருவர் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

ராத்தா நல்லவர்தான். ஆனால் நான் எதையாவது பிளக்கில் போடப் போனால், "நீ இரி, நான் போடுறன்" என்று வந்துவிடுகிறார். நான் குளிக்கப் போனால் நான் தொட்ட சுவிச்சுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் தூரப் போவதில்லை. அவருக்கும் உம்மாதானே வாப்பா. நான் கோபிக்கவில்லை.

பின்வளவில் எரிந்ததைத் துப்புரவாக்கிவிட்டார்கள். சுவர் நாலும் நிற்கின்றன.

எனக்குக் கல்வீடு வேண்டாம். ஓர் அறை கூடவும் வேண்டாம். நீங்கள் வந்தால், அந்த நாலு சுவருக்கு மேல் தகரத்தைப் போட்டு நாம் இரண்டு பேரும் இருக்கலாம். நான் சமைப்பேன். எனக்கு உங்களிடம் கதைக்க வேண்டும், வாப்பா. நேரில் என்றால் கதைத்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள்
ஹுஸ்னியா


அபுதாபி
07.07.2024

அன்பு மகளுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வருகிறதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இங்கே இப்போது நெருப்பு வெயில், நாற்பத்தெட்டுப் பாகை. எங்கள் வரிசைக் கொட்டிலில் நாற்பத்திரண்டு பேர். ஏசி மூன்று. ஏசியோடு இரண்டு ரைஸ் குக்கரைப் போட்டால் பெட்டியில் ட்ரிப் விழுந்து கரண்ட் நின்றுவிடும். போன கிழமை ஒரே நாளில் ஒன்பது தடவை விழுந்தது. சொல்லி அனுப்பினோம், பார்க்கிற ஆள் இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் கடத்தினான். ஒரு வங்காளிப் பெடியன் மயங்கியே விழுந்துவிட்டான். அப்போதுதான் அட்டாளைச்சேனைப் பஸால் எல்லோருக்கும் முன்னால் சொன்னான், "நம்மட சுபியான் காக்கா ஊரில பெரிய வயரிங் பாஸ். கைவேலய ஒருக்காப் பாருங்களன்டா" என்று.

பெட்டியைத் திறந்தேன். உம்மா மௌத்தான பிறகு ஒரு ஸ்குரூவைக் கூடத் தொட்டதில்லை. ஆனால் கை தானாகவே வேலையைக் கண்டுகொண்டது. நம் வீட்டில் செய்த மாதிரியேதான், ட்ரிப்புக்குக் குறுக்கே செப்பு இழையை முறுக்கி நேராகக் கொடுத்துவிட்டேன். ஐந்து நாளாயிற்று, ஒரு தடவையும் போகவில்லை. நாற்பத்திரண்டு பேரும் குளிரில் போர்த்துக்கொண்டு படுக்கிறார்கள். பஸால் புரியாணி சமைத்து என் கோப்பையில் முதலில் போட்டான். எல்லோரும் என்னை பாஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாள்!

நான் பரவாயில்லை, மகள். நீ கவலைப்படாதே.

உன் வாப்பா
சுபியான் பாஸ்


சாய்ந்தமருது
21.07.2024

அன்பின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைத் தபாலில் போட்டால் இரண்டு கிழமை ஆகும். அதனால் எழுதிப் படம் எடுத்து ராத்தாவின் போனில் அனுப்புகிறேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. வாசித்த உடனே உங்களுக்கு எடுத்தேன். நானாகப் போன் எடுத்தது இதுதான் முதல் தடவை. "வாப்பா, அந்தக் கம்பியக் கழட்டுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "என்ன புள்ள, கரண்டெண்டாப் பயந்திட்டியா? உங்கட வாப்பாக்கு வேல தெரியாதா?" என்றீர்கள். பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.  நான் போனை வைத்துவிட்டேன்.

அதனால் எழுதுகிறேன். முழுவதும் வாசியுங்கள்.

அயனால் நெருப்பு வரவில்லை. ராத்தா கூப்பிட்டபோது நான் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லை என்று உங்களுக்குப் பொய் எழுதினேன்.

மார்ச் மாதத் தொடக்கத்திலேயே கதவுக்கு மேலே சீலிங்கில் ரப்பர் கருகும் வாசம் வந்தது. நான்தான் முதலில் மோந்தேன். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "குணத்தக் கூட்டி வாறன் மாமி, ஒருக்காப் பாக்கட்டும்" என்றார். உம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "பாஸ்ட ஊட்டுக்கு வேறொருத்தன் வந்து லைன் பாக்கிறதா? நாளைக்கு அந்த மனுசன் ஊருக்குள்ள எப்பிடித் தலைகாட்டுற?" என்றார். மச்சானும் மாமியாரோடு வாதாடக்கூடாது என்று விட்டுவிட்டார். நான் உங்களுக்கு எழுதப் பேனையை எடுத்தேன். "எழுதிராத புள்ள. கேட்டா அங்க தூங்கமாட்டாரு. அவரே தாங்கும் எண்டு எழுதியிரிக்காரு" என்றார் உம்மா. உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

நெருப்புக்கு மூன்றாம் நாள் குணம் அண்ணன் வந்தார். அப்போது மற்றவர்கள் முன்வீட்டில், ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவரோடு பின்வளவில் நான் மட்டும் நின்றேன். அவர் பியூஸ் கட்டையைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஆர் போட்டது?"

"தெரியா" என்றேன்.

"வேல தெரியாதவன் போட்டதில்ல இது. வடிவா முறுக்கியிருக்கு."

பிறகு எரிந்த லைனைக் கையில் எடுத்து எனக்கு விளங்கப்படுத்தினார். "இந்த வயர் மெல்லிசு. ரெண்டு பல்பு, ஒரு ஃபேனுக்குத்தான் காணும். நீங்க பிரிஜ், மெசின், அயன் எல்லாத்தையும் இதிலதான் ஓட்டியிருக்கிறீங்க. மாசக்கணக்காச் சூடேறிச் சூடேறி மேல மூட்டு வெந்துபோச்சு. சும்மா பியூஸ் கம்பி கிடந்திருந்தா அதுதான் முதல்ல உருகி அறுந்திருக்கும், வயர் தப்பியிருக்கும். பியூஸ் எரியிறது பிழையில்ல தங்கச்சி, அது எரியத்தான் அங்க கிடக்கு. இது எரியாது. அதால வீடு எரிஞ்சிருக்கு."

அயனையும் அவர்தான் தேடி எடுத்தார். அது கிடந்த மூலை கடைசியாகத்தான் எரிந்திருக்கிறது. பிளக் கழன்று அதன் வயரில் சுற்றியபடி இருந்தது. நான் சுற்றி வைத்தபடியே.

"ஆரிட்டயும் சொல்லுவீங்களா அண்ணன்?" என்று கேட்டேன்.

"கேட்டாச் சொல்லுவன். ஆனா நீ சொல்லோணும் புள்ள."

ஒருவரும் கேட்கவில்லை. அயன் என்று அதற்குள் முடிவாகிவிட்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் அங்கே தனி. எனக்கு இங்கே ராத்தா இருந்தார், உம்மாவின் கபுறு கிட்ட இருந்தது. என்மேல் இருந்தால் நீங்கள் மன்னிக்க ஓர் ஆள் இருக்கும். உங்கள்மேல் வந்தால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். சாகும்வரை சொல்லாமல் இருந்திருப்பேன்.

ஆனால் அந்தக் கொட்டிலில் நாற்பத்திரண்டு பேர் படுக்கிறார்கள், வாப்பா. நீங்களும் அதற்குள்தான் படுக்கிறீர்கள்.

நீங்கள் எங்களுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. எங்களை இருட்டில் விடக்கூடாது என்று செய்தீர்கள். டோர்ச் பிடித்தவள் நான். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்தேன். எனக்குத் தெரியும்.

இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய்க் கழற்றுங்கள். வேறு ஒன்றும் எனக்கு எழுத வேண்டாம்.

ஹுஸ்னியா


26.07.2024

ஹுஸ்னியா,

கழற்றிவிட்டேன். அன்றைக்கே கழற்றினேன். பெட்டிக்குப் பின்னால் பலகை கறுத்திருந்தது.

குக்கர்களை வெளியே எடுத்துப் போட்டோம். பஸால் கோபிக்கிறான், கோபிக்கட்டும்.

ஊரில் நான் அப்படிக் கம்பி போட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. பியூஸ் போகிறது பாஸ் என்பார்கள், போகாமல் செய்து கொடுத்துவிட்டு வருவேன். நினைவு வந்தவற்றை எழுதுகிறேன். குணத்தைக் கூட்டிக்கொண்டு நீ போ. நான் போனில் சொன்னால் பகிடி என்று நினைப்பார்கள், நீ சொன்னதற்கு நான் சிரித்தேன் அல்லவா?

முபீன் சேர் வீடு, தண்ணீர் மோட்டருக்கு. காரைதீவில் செல்லத்தங்கம் அக்கா, மா அரைக்கும் மெசின் வைத்திருக்கிறார். பாண்டிருப்பில் சிவக்கொழுந்து ஐயா. நம் தெருக் கடைசியில் ஐஸ் கடையும் அதற்கு மேல் வீடும். அட்டாளைச்சேனையில் பஸாலின் உம்மா வீடு, இதை அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. ஒலுவில் துறைமுகத்துப் பாதையில் மீன்பெட்டிக் கொட்டில் இரண்டு. மருதமுனையில் ஒரு வீடு, வாசலில் பச்சைக் கேற், ஆளின் பெயர் வரவில்லை. கல்யாண அவசரத்தில் போட்டுக் கொடுத்தது.

என் பெயரைச் சொல்லிக் கழற்று. மறைக்காதே.

சுபியான்


சாய்ந்தமருது
13.10.2024

அன்பின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் வீடுகளை எழுதி அனுப்பிய பிறகு உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும் என்றுதான் பஸால் காக்கா ராத்தாவிடம் சொன்னாராம். நீங்கள் வேறு கொட்டிலுக்கு மாறிவிட்டீர்கள் என்றும், யாராவது பாஸ் என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ராத்தாவுக்கு எடுக்கிறீர்கள். பிள்ளையைக் கேட்கிறீர்கள், மச்சானைக் கேட்கிறீர்கள். நான் அந்தக் கூடத்திலேயேதான் இருக்கிறேன்.

வீடுகளைப் பற்றி முதல் கடிதங்களில் எழுதியதைத் திரும்பவும் சுருக்கமாக எழுதுகிறேன், ஒருவேளை கிடைக்காமல் போயிருந்தால்.

முதலில் முபீன் சேர் வீட்டுக்குப் போனோம். கேற்றுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். குணம் அண்ணன் தட்டவில்லை. "இது உன்ட வேல" என்று மதிலில் சாய்ந்துகொண்டார். சேர் வந்து பார்த்துவிட்டு, "வகுப்பில வாயே திறக்காத புள்ள, இண்டைக்கு ஊடு தேடி வந்திரிக்கா. என்னம்மா?" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நின்றது. திரும்பத் தொடங்கினேன். மூன்றாம் தடவை முடித்தேன். சேர் உள்ளே போய் மெயினை இறக்கிவிட்டு வந்தார்.

செல்லத்தங்கம் அக்கா லேசில் விடவில்லை. "பாஸ் போட்டது மூணு வருசமாக் கல்லுப்போல நிக்குது. ஒரு நாள் மெசின் நிண்டதில்ல. நீ ஆரு கழட்ட?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் ஆறு ஏழு வயது மகள் மெசினுக்குப் பக்கத்தில் படுத்திருந்ததை நான் காட்டினேன். "எங்கட உம்மாவும் இப்பிடித்தான் அக்கா, பக்கத்தில படுத்திருந்தா" என்றேன். அக்கா இடுப்பில் இருந்த கையை எடுத்தார். பிறகு தேத்தண்ணி குடிக்காமல் எங்களைப் போகவிடவில்லை.

எல்லா வீட்டிலும் அதைச் சொல்ல வேண்டி வந்தது வாப்பா. சொல்லாமல் ஒருவரும் பெட்டியைத் திறக்கவிடவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன், நீங்கள் எழுதியபடி. அதனால் இப்போது ஊருக்குத் தெரியும். அயனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராத்தா ஒரு நாள் வந்து, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அதற்காக நான் சந்தோசப்பட வேண்டும். ஆனால் உங்களைப் பற்றித் தெருவில் யாராவது ஒரு சொல் சொன்னால், அந்தப் பழி என்னிடமே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சிவக்கொழுந்து ஐயா வீடும் பஸால் காக்காவின் உம்மா வீடும் முடிந்தன. ஒலுவில் கொட்டில் இரண்டும் முடிந்தது. ஐஸ் கடையில் குணம் அண்ணன் புது லைனே இழுத்துக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் இப்போது இடைக்கிடை பியூஸ் போகிறதாம். திட்டிக்கொண்டு மாற்றுகிறார்களாம்.

மருதமுனை வீடு மட்டும் மிச்சம். நானும் குணம் அண்ணனும் நாலு வெள்ளிக்கிழமை தேடினோம். பச்சைக் கேற் பதினேழு பார்த்தோம். பதினொரு வீட்டில் பெட்டியைக் காட்டினார்கள், அவற்றில் இல்லை. மற்ற வீடுகளில் ஆள் இல்லை, அல்லது எங்களைக் கரண்ட் வெட்ட வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். கேற்றுக்கு வேறு நிறம் அடித்திருப்பார்களோ தெரியாது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது ஒரு பிள்ளையாவது இருக்கும். மாரி வரப்போகிறது, எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கப்போகிறார்கள்.

என்னோடு கதைக்க உங்களுக்கு ஏலாமல் இருக்கலாம். அது எனக்கு விளங்காதா? எத்தனை வருடம் நானும் அப்படித்தானே இருந்தேன். பதில் எழுத வேண்டாம். அந்த ஆளின் பெயர் நினைவு வந்தால் ராத்தாவிடம் சொல்லுங்கள், போதும்.

பெயர் வராவிட்டால் நீங்கள்தான் வரவேண்டும். தெருவைக் கண்டால் உங்கள் கால் வீட்டைக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் கேற்றுக்கு வெளியே நின்றால் போதும், வாப்பா. உள்ளே போய் நான் கதைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
ஹுஸ்னியா